பேரிடருக்குப் பின் ஊர் ஒழுங்கு ஏன் குலைகிறது? கூடலூர், பந்தலூர் பகுதி மக்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

2024 ஜூலை 30 அதிகாலையில் கேரளத்தின் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போன பிறகு, எல்லைக்கு இப்பக்கம் நீலகிரி மாவட்டத்தின் சேரம்பாடி, எருமாடு, அய்யன்கொல்லி, தேவாலா ஆகிய ஊர்களில் மக்கள் கூடிய இடங்களிலெல்லாம் சில கேள்விகள் திரும்பத் திரும்ப எழுந்தன. மலை சரிந்தால் எங்கே ஓடுவது என்பதற்கு அடுத்தபடியாக அவர்கள் கேட்டது, அதற்குப் பிறகு மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதுதான். 2019 ஆகஸ்ட் மழையின்போது பந்தலூர் வட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த நிவாரண முகாமில் பதிவேடு எழுதும் பொறுப்பில் நான் இருந்தேன். அங்கே கண்டதையும், பிற நாடுகளில் நடந்தவை குறித்துப் பின்னர் படித்து அறிந்ததையும் கொண்டு இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

பேரிடர் நேர்ந்த உடனே மக்கள் கட்டுப்பாடு இழந்து, ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு ஓடுவார்கள், கொள்ளையடிப்பார்கள் என்பது உண்மையா?

பெரும்பாலும் உண்மை அன்று. முதல் சில மணி நேரத்தில் நடப்பது இதற்கு நேர் மாறானது.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் (வரிசை வீடுகள்) மீது மலை சரிந்து 70 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கயத்தாறு வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழர்கள். மழையால் மின்சாரம் நின்று கைப்பேசிக் கோபுரமும் செயலற்றுப் போயிருந்ததால், மறுநாள் காலை வரை வெளியுலகுக்குச் செய்தி எட்டவில்லை. அந்த இரவில் அங்கே காவலரும் இல்லை, அதிகாரியும் இல்லை. யாரும் பார்க்காத அந்த நேரத்தில் தப்பிப் பிழைத்தவர்கள் செய்தது, இருட்டிலும் சேற்றிலும் தம் உறவினரையும் அண்டை வீட்டாரையும் தேடியதுதான். சூரல்மலையிலும் முதலில் கயிறும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும்தான். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளக் கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு வந்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றியதை நாம் அனைவரும் அறிவோம்.

ஆய்வாளர்கள் கண்டதும் இதுவே. 1963-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேரிடர் ஆய்வு மையத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான என்ரிக்கோ குவாரன்டெல்லி, பல பத்தாண்டுகள் புயல், நிலநடுக்கம், வெள்ளம் ஆகியவை தாக்கிய ஊர்களை ஆராய்ந்தார். தலைதெறிக்க ஓடும் பீதி மிக அரிது என்றும், அறிமுகமற்றவருக்கும் உதவும் மனப்பாங்கே பொதுவாக மேலோங்குகிறது என்றும் அவர் திரும்பத் திரும்ப எழுதினார்.

அப்படியானால் ஒழுங்கு எப்போது, எதனால் குலைகிறது?

ஒழுங்கு என்றால் காவல் நிலையமும் சட்டப் புத்தகமும் மட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. தோட்டப் பகுதியில் வாழும் ஒரு குடும்பத்துக்கு ஒழுங்கு என்பது வேறு பல பொருள்களால் ஆனது. காலையில் மஸ்டரில் (தோட்ட வருகைப் பதிவில்) பெயர் கூப்பிடுவார்கள், மாதந்தோறும் ரேஷன் கடையில் அரிசி கிடைக்கும், கடன் சொன்னால் கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு பருப்புக் கொடுப்பார், பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பேருந்து வரும், கைப்பேசியில் அழைத்தால் மகன் எடுப்பான். இவை எல்லாம் நாளைக்கும் இப்படியே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் இன்றைக்கு ஒருவர் வரிசையில் பொறுமையாக நிற்கிறார். மண் சரிந்த இரவில் இவை அத்தனையும் ஒரே அடியில் போய்விடுகின்றன. ஆயினும் ஒழுங்கு அப்போதே குலைவதில்லை. சில நாள்களில் இவை திரும்பிவிடும் என்று எல்லோரும் எண்ணிக்கொள்வதால், அந்த எண்ணமே ஊரைக் கட்டிக் காக்கிறது.

சிக்கல் தொடங்குவது மூன்றாம் நாளோ நான்காம் நாளோதான். அதற்குள் உயிரோடு இருப்பவர்களை மீட்கும் வேலை ஏறக்குறைய முடிந்திருக்கும். எல்லோரையும் ஒன்றாகக் கட்டி வைத்திருந்த அந்த ஒரே வேலை முடிந்த பிறகு, அவரவர் இழப்பு அவரவருக்குத் தெரியத் தொடங்கும். வெளியூரிலிருந்து பொருள்கள் வந்து குவியும். ஆனால் எவ்வளவு வந்தது, யாரிடம் இருக்கிறது, எந்தக் கணக்கில் பிரிக்கப்படும் என்பது யாருக்கும் தெரியாது. நாளைக்கும் கிடைக்கும் என்று நம்பியவர், நாளைக்குக் கிடைக்காமல் போகலாம் என்று ஐயுறத் தொடங்குகிறார். அவர் மனம் கெட்டுவிடவில்லை, வயிற்றுப் பசியும் பெரும்பாலும் காரணமில்லை. கணக்கு கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான் காரணம்.

இதை நான் படித்து அறியவில்லை. எங்கள் முகாமில் முதல் இரண்டு நாள் போர்வைகளும் அரிசி மூட்டைகளும் வராந்தாவிலேயே அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மூன்றாம் நாள் கூட்டம் அதிகமானதைக் கண்டு அஞ்சி, அவற்றை வகுப்பறை ஒன்றுக்குள் வைத்துப் பூட்டச் சொன்னவன் நான். அன்று மாலைக்குள், நல்ல போர்வைகள் வேறு ஊருக்குக் கடத்தப்படுகின்றன என்ற பேச்சு முகாம் முழுவதும் பரவி, கதவைத் தள்ளத் தொடங்கினார்கள். அதுவரை எங்கள் முகாமில் ஒருவர் பொருளை மற்றவர் தொட்டதில்லை. முகாமில் தங்கியிருந்த ஒரு பெரியம்மா என்னிடம் வந்து, “தம்பி, உள்ளே என்ன இருக்கு, எத்தனை இருக்குன்னு வெளியே எழுதி ஒட்டுங்க, அது போதும்” என்றார். எழுதி ஒட்டினோம். ஒவ்வொரு மாலையும் வந்ததையும் கொடுத்ததையும் உரக்கப் படித்தோம். போர்வைகள் எல்லோருக்கும் போதவில்லை என்பது அன்றும் உண்மைதான். ஆனால் யாருக்கு ஏன் முதலில் கொடுக்கிறோம் என்பது தெரிந்த பிறகு யாரும் கதவருகே வரவில்லை.

கடைகளை உடைத்துப் பொருள் எடுப்பது கொள்ளைதானே? அதை எப்படி நியாயப்படுத்துவது?

எல்லாவற்றையும் ஒரே சொல்லால் சுட்டுவதில்தான் பிழை நேர்கிறது. பிள்ளைக்குப் பால் மாவும் குடிநீரும் மருந்தும் எடுத்தவரையும், தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கிச் சென்றவரையும் ஒரே தட்டில் நிறுத்த முடியாது. சட்டத்தின் முன் இரண்டும் பிறர் பொருளை அனுமதியின்றி எடுத்ததுதான் என்றாலும், காரணத்தை ஆராய்பவர் இரண்டையும் பிரித்தே பார்க்க வேண்டும்.

பெரிய அளவில் கொள்ளை நடந்த பேரிடர்களும் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. 1989 செப்டம்பரில் ஹ்யூகோ புயல் தாக்கிய பின் கரீபியக் கடலில் அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட செயின்ட் குரோய் தீவில் கடைகள் பரவலாகச் சூறையாடப்பட்டன. அமெரிக்கப் படைகள் அனுப்பப்பட்டன. 2010 பிப்ரவரி 27-இல் சிலி நாட்டில் 8.8 அளவு நிலநடுக்கம் ஏற்பட்ட பிறகு கான்செப்சியோன் நகரில் பல்பொருள் அங்காடிகள் உடைக்கப்பட்டு, ஊரடங்கும் ராணுவமும் வந்த பின்னரே நிலைமை அடங்கியது. செயின்ட் குரோயை ஆராய்ந்த குவாரன்டெல்லி, புயலுக்கு முன்பே அத்தீவில் ஏழைக்கும் பணக்காரருக்கும் இடையே இருந்த பெரும் பிளவையும், சிறு திருட்டுகள் சாதாரணமாக நடந்ததையும், காவல்துறை வலுவற்று இருந்ததையும் காரணமாகக் காட்டினார். வெளியிலிருந்து யாரும் விரைவில் வர முடியாதபடி கடல் சூழ்ந்த தீவு என்பதும் சேர்ந்துகொண்டது. சமுதாயத்தில் ஏற்கெனவே இருந்த விரிசலைப் புயல் அகலப்படுத்தியது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

ஆளில்லாத வீடுகளில் திருட்டு நடக்கிறதே?

நடக்கிறது. 2024-இல் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் விட்டுச் செல்லப்பட்ட வீடுகளைக் காக்கக் கேரளக் காவல்துறை இரவு ரோந்து ஏற்பாடு செய்து, அனுமதியின்றி நுழைவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று அறிவித்தது.

திருட்டைவிடத் திருட்டு குறித்த அச்சமே அதிகக் கேடு செய்கிறது என்பது என் கருத்து. முகாமுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால் பெண்களையும் பிள்ளைகளையும் அனுப்பிவிட்டு ஆண்கள் வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள். பீரோவில் உள்ள இரண்டு பவுன் நகைக்காகவும் தொழுவத்தில் கட்டியிருக்கும் பசுவுக்காகவும் ஒருவர் சரியப்போகும் மலையடியில் படுத்துறங்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே காலி செய்யச் சொல்லும் அதிகாரி, அந்தத் தெருவுக்கு இரவுக் காவல் யார், கால்நடைகளை எங்கே கட்டுவது என்ற இரண்டுக்கும் அதே பேச்சில் விடை சொல்ல வேண்டும்.

வதந்திக்கு இவ்வளவு வலிமை ஏன்?

செய்தி கிடைக்காத இடத்தில் வதந்தியே செய்தியாகிறது. கோபுரம் செயலற்று, சாலை துண்டித்து, அதிகாரி வாய்திறக்காத ஊரில், யார் முதலில் ஒன்றைச் சொல்கிறாரோ அவரே நம்பப்படுகிறார். அச்சத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் தேவைப்படுகிறது. தங்கள் துயரத்துக்கு முகம் உள்ள ஒரு காரணம் வேண்டும். மழையின் மீது கோபப்பட முடியாது. அந்நியர் மீது கோபப்படுவது எளிது.

இதன் மிகக் கொடிய எடுத்துக்காட்டு ஜப்பானில் நடந்தது. 1923 செப்டம்பர் 1-இல் தோக்கியோவையும் யோக்கோஹாமாவையும் நிலநடுக்கமும் தீயும் அழித்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள், தீ வைக்கிறார்கள் என்ற பொய் அன்றே பரவியது. ஊர்க் காவல் குழுக்கள் தெருக்களை மறித்து, வருவோரைச் சில ஜப்பானியச் சொற்களை உச்சரிக்கச் சொல்லி, நாக்குத் திருந்தாதவர்களைக் கொன்றன. ஆயிரக்கணக்கான கொரியர்கள் மாண்டனர். அந்தக் குழுக்கள் தங்களை ஒழுங்கைக் குலைப்பவர்களாக எண்ணவில்லை. ஒழுங்கைக் காப்பவர்களாகவே எண்ணின. பேச்சைக் கேட்ட உடனே இவர் எந்த மாநிலம் என்று கண்டுகொள்ளும் ஊர்களில் வாழும் நாம் இந்த வரலாற்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

நம் பக்கத்திலும் எச்சரிக்கை மணி அடித்திருக்கிறது. 2018 வெள்ளத்தின்போது முல்லைப் பெரியாறு அணையில் கசிவு ஏற்பட்டுவிட்டது என்று ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றியது. கேரள அரசு அதைப் பொய் என்று மறுத்துக் காவல்துறை நடவடிக்கை எடுத்தது. 2011-இன் இறுதியில் நடந்தது இதைவிடப் பெரிது. இடுக்கியில் சிறு நில அதிர்வுகள் உணரப்பட்ட பிறகு அணை உடையும் என்ற அச்சம் அங்கே மூண்டது. அணை உடையவில்லை, வெள்ளம் வரவில்லை. ஆயினும் குமுளிச் சாலையில் போக்குவரத்து நின்றது. ஏலத்தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர் பலர் அஞ்சித் தேனி மாவட்டத்துக்குத் திரும்பினார்கள். தேனிப் பக்கம் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. இல்லாத பேரிடர் ஒன்று இரண்டு பக்கத்து ஏழைகளையும் அடித்தது.

அப்படியானால் எல்லைப் பகுதியில் மொழி வேறுபாடே ஒழுங்குக் குலைவுக்குக் காரணமா?

அல்ல. 2011-இல் பகை மூண்ட இதே எல்லைக்கோட்டில், 2024-இல் சோலாடி, தாளூர் சோதனைச் சாவடிகளின் வழியாக ஆம்புலன்சுகளும் அரிசி வண்டிகளும் போயின. கூடலூரைச் சேர்ந்த செவிலியர் ஒருவர் ஆற்றின் மீது கட்டிய கம்பியில் தொங்கியபடி அக்கரை சென்று காயம்பட்டோருக்குச் சிகிச்சை அளித்தார். அந்த ஆண்டு சுதந்திர நாளில் தமிழ்நாடு அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கியது. நிலச்சரிவைக் குறிக்கும் ‘உருள்பொட்டல்’ என்ற மலையாளச் சொல்லை எங்கள் பக்கத்துத் தமிழர்களும் சொல்கிறார்கள். வயநாட்டில் ‘பாடி’ என்றும் மூணாறில் ‘லயம்’ என்றும் எங்கள் பக்கம் ‘லைன் வீடு’ என்றும் அழைக்கப்படும் அந்த ஒற்றைச் சுவர் வரிசை வீடுகளில், இரண்டு மொழியினரும் தலைமுறைகளாக ஒன்றாக வாழ்கிறார்கள்.

மொழியைவிட ஆவணமே இங்கே பெரிய தடை. ஒருவருக்கு வேலை வயநாட்டில், ரேஷன் அட்டை பந்தலூரில், வாக்குரிமை வேறோர் இடத்தில் இருக்கும். அட்டை வெள்ளத்தில் போய்விட்டால் இவர் எந்தப் பட்டியலில் சேர்வார்? ஜன்மம் என்ற பழைய நிலவுடைமை முறையை ஒழிக்க வந்த கூடலூர் ஜன்மம் நிலச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுக்குள் சிக்கிய நிலங்களில் பல்லாண்டுகளாகக் குடியிருப்போருக்குப் பட்டா இல்லை. வீடு இடிந்தால் அது தன் வீடு என்று காட்டவே அவர்கள் அலைய வேண்டும். பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடியினரின் குடியிருப்புகளிலும், அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து தோட்டங்களில் தங்கியிருக்கும் தொழிலாளரிடையேயும் இந்த இடர் இன்னும் அதிகம். பட்டியலில் பெயர் இல்லாதவர் வரிசையில் நின்றும் பயனில்லை என்று உணரும்போது, வரிசை அவருக்குப் பொருளற்றதாகிவிடுகிறது.

நிவாரண லாரிகளை வழியிலேயே மறித்துப் பொருளை இறக்கிக்கொள்கிறார்களே, ஏன்?

பெரும்பாலும் சாலையின் அமைப்பே காரணம். உதவி செய்ய வருபவர்கள் நெடுஞ்சாலையை ஒட்டிய முதல் ஊரில் நிறுத்தி, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மூன்று கிலோமீட்டர் உள்ளே, ஒற்றையடிப் பாதையில் இருக்கும் குடியிருப்புக்கு ஒன்றும் போய்ச் சேர்வதில்லை. உள்ளே இருப்பவர்கள் சாலைக்கு வந்து நிற்பதும், வண்டியைக் கண்டால் ஓடுவதும் அதன் விளைவு. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரை கடந்த பிறகு டெல்டா மாவட்டங்களிலும் புதுக்கோட்டையிலும் குடிநீரும் மின்சாரமும் கேட்டுப் பல இடங்களில் சாலை மறியல் நடந்தது; சில இடங்களில் அரசு வாகனங்கள் தாக்கப்பட்டன. கண்முன் மற்றவருக்குக் கிடைத்துத் தனக்குக் கிடைக்காமல் போவது, யாருக்குமே கிடைக்காததைவிட மனிதரை அதிகமாகச் சுடுகிறது. லாரிகளை மொத்தமாக ஓரிடத்தில் இறக்கி, அங்கிருந்து ஜீப்பில் பிரித்து அனுப்புவது ஒன்றே இதற்கு வழி.

சாலை மறியலும் ஒழுங்குக் குலைவுதானா?

நான் அப்படிக் கருதவில்லை. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் குமரிக் கடலைத் தாக்கியபோது, ஆழ்கடலில் இருந்த தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்களுக்கு எச்சரிக்கை உரிய நேரத்தில் எட்டவில்லை. கேரள எல்லையை ஒட்டிய அந்தக் கடலோர ஊர்களில் ஒவ்வொரு வீடும் கடலைப் பார்த்துக் காத்திருந்தது. தேடுதல் போதவில்லை என்று கண்டு, ஒரு வாரம் கழித்து ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். கணவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கும் பெண்ணுக்கு வேறு எந்தக் கதவும் திறக்காதபோது அவர் தண்டவாளத்துக்கு வருகிறார். கேள்வி கேட்பதற்காகக் கூடியவர்களைக் கலவரக்காரர்கள் என்று பதிவு செய்வது, அடுத்த பேரிடரில் அவர்கள் அரசை நம்பாமல் போவதற்கு வழி செய்யும்.

முதலிலேயே காவல்துறையையும் ராணுவத்தையும் இறக்கிவிட்டால் எல்லாம் அடங்கிவிடாதா?

எதற்காக இறக்குகிறோம் என்பதைப் பொறுத்தது. சூரல்மலையில் ராணுவத்தின் சென்னைப் பொறியாளர் பிரிவு, ஆற்றின் மீது 190 அடி நீளப் பெய்லி பாலத்தை (இரும்புச் சட்டங்களைப் பொருத்தி விரைவில் எழுப்பும் பாலம்) அமைத்து 2024 ஆகஸ்ட் 1 அன்று முடித்தது. அந்தப் பாலம் வழியாக மண் அள்ளும் இயந்திரங்கள் முண்டக்கைக்குப் போயின. அது ஒழுங்கை மீட்ட செயல்.

மக்களைக் கண்டு அஞ்சி ஆயுதத்தை இறக்குவது வேறு. 1906 ஏப்ரல் 18-இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பின், கொள்ளையரைக் கண்ட இடத்தில் சுடும்படி அந்நகர மேயர் ஆணையிட்டார். தன் வீட்டுப் பொருளைத் தேடியவருக்கும் திருடருக்கும் சுடுபவர் வேறுபாடு காண்பது எப்படி? 2005 ஆகஸ்ட் 29-இல் கத்ரீனா புயலால் கரைகள் உடைந்து நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஏறக்குறைய 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. மக்கள் தஞ்சம் புகுந்த விளையாட்டரங்கில் கொலைகளும் வன்புணர்வுகளும் பெருகிவிட்டன என்று பரப்பப்பட்ட செய்திகளில் பெரும்பாலானவை பின்னர் ஆதாரமற்றவை என்று தெரிந்தன. ஆனால் அவற்றை நம்பி, கூரைகளில் மக்கள் தவித்துக்கொண்டிருந்தபோதே காவலர்களை மீட்புப் பணியிலிருந்து கொள்ளைத் தடுப்புக்குத் திருப்பினார்கள். செப்டம்பர் 4 அன்று டான்சிகர் பாலத்தில் ஆயுதமற்ற பொதுமக்கள் மீது காவலர்கள் சுட்டதில் இருவர் இறந்தனர், நால்வர் காயமுற்றனர். லீ கிளார்க், கேரன் செஸ் என்ற ஆய்வாளர்கள் 2008-இல் இதற்கு ‘மேல்தட்டினரின் பீதி’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். மக்கள் பீதியடைவார்கள் என்று அதிகாரத்தில் உள்ளவர்கள் பீதியடைவதை அது குறிக்கிறது. வகுப்பறையைப் பூட்டிய அன்று என்னைப் பிடித்திருந்ததும் அதுவே என்று பின்னர் உணர்ந்தேன்.

முகாமில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்ன ஆபத்து?

வெளிச்சமற்ற கழிப்பறைப் பாதை, ஒரே கூடத்தில் எல்லோரும் படுப்பது, மாலையில் குடித்துவிட்டு வருவோர் ஆகிய மூன்றுமே முகாமில் எழும் பெரும்பாலான புகார்களுக்கு அடிப்படை. கழிப்பறை வழியில் ஒரு விளக்கும், பெண்களுக்குத் தனி அறையும், பதிவேடு எழுதும் இடத்தில் ஒரு பெண்ணும் இருந்தாலே பாதிக் குறைகள் எழாது.

குழந்தைகளைப் பொறுத்தவரை இன்னும் கண்டிப்பு வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தத்தெடுக்கிறோம் என்று பலர் வந்தபோது, குழந்தை கடத்தலுக்கு அஞ்சித் தமிழ்நாடு அரசு அதைக் கட்டுப்படுத்தி, நாகப்பட்டினம், கடலூர் ஆகிய இடங்களில் அரசு இல்லங்களில் அவர்களைத் தங்க வைத்தது. எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும், பதிவின்றி எந்தக் குழந்தையையும் எவருடனும் அனுப்பக் கூடாது.

பாதிப்பைப் பார்க்க வரும் கூட்டத்தை என்ன செய்வது?

திருப்பி அனுப்ப வேண்டும். 2024-இல் கேரளக் காவல்துறையே பார்வையாளராக வராதீர்கள் என்று வேண்டியது. ஒரு கார் வளைவில் நின்றால் மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் நின்றுவிடும்.

இவை பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது?

2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பொய்க் காரணம் காட்டி நிவாரணம் பெறுவதைக் குற்றமாக்குகிறது. 53-ஆம் பிரிவு, நிவாரணப் பணத்தையோ பொருளையோ கையாடுவதைத் தண்டிக்கிறது. இவ்விரண்டுக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. பேரிடர் பற்றிப் பொய் எச்சரிக்கை பரப்பிப் பீதி உண்டாக்குவோருக்கு 54-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. ஐயம் ஏற்பட்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலும், மாநிலக் கட்டுப்பாட்டு அறையை 1070 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

சில வாரங்களில் எல்லாம் அடங்கிய பின் ஆபத்து நீங்கிவிடுகிறதா?

கூட்டமும் சத்தமும் நீங்குகின்றன. அதன் பிறகு வருவது கண்ணுக்குத் தெரியாத குலைவு. வேலை இல்லை, வாடகை வீட்டில் முன்பணம் கேட்கிறார்கள், சுயஉதவிக் குழுக் கடனுக்கு வாரம் தவறாமல் ஆள் வருகிறார். சூரல்மலை மக்களுக்கு அரசு கொடுத்த 10,000 ரூபாய் உடனடி உதவி வங்கிக் கணக்கில் விழுந்தபோது, ஒரு வங்கி அதிலிருந்தே கடன் தவணையைப் பிடித்துக்கொண்டது. போராட்டமும் முதலமைச்சரின் கண்டனமும் எழுந்த பின்னரே அது சரிசெய்யப்பட்டது. குடும்பத்தை இழந்தவரின் கணக்கில் அந்தப் பணம் வந்ததும் மறைந்ததும் ஒரு கணினியின் வழக்கமான வேலை என்று சொல்லலாம். ஆனால் அன்று உடைந்த நம்பிக்கை, கடை ஒன்று சூறையாடப்பட்டதால் உடைவதைவிடச் சிறிதன்று. முகாமில் ஒன்றாக உண்டவர்கள் இழப்பீட்டுப் பட்டியல் வெளியானதும் ஒருவரோடொருவர் பேசாமல் போவதும், குடி பெருகி வீட்டுக்குள் அடி உதை தொடங்குவதும் இந்தக் காலத்தில்தான். செய்தியாளர்கள் அப்போது அங்கே இருப்பதில்லை.

எங்கள் ஊரில் அடுத்த மழைக்குள் எதை முதலில் செய்ய வேண்டும்?

பதிவேட்டை. வீடு வீடாகச் சென்று, அட்டை இருப்பவர், இல்லாதவர், வேறு மாநில அட்டை வைத்திருப்பவர், வெளிமாநிலத் தொழிலாளர் என்று யாரையும் விடாமல் பெயர் எழுத வேண்டும். படுக்கையில் இருப்பவர், கருவுற்றவர், நாள்தோறும் மருந்து உண்பவர் ஆகியோரைத் தனியாகக் குறிக்க வேண்டும். ஒரு படி கிராம நிர்வாக அலுவலரிடமும், ஒரு படி ரேஷன் கடையிலும், ஒரு படி எல்லைக்கு அப்பால் நமக்கு மிக அருகில் உள்ள ஊராட்சியிலும் இருக்கட்டும். முகாமாகப் பயன்படும் பள்ளியில் பொருள் வைக்கும் அறைக்கு இரண்டு பூட்டுப் போட்டு, ஒரு சாவியை அலுவலரிடமும் மற்றொன்றை முகாமில் தங்குவோர் தேர்ந்தெடுக்கும் ஒருவரிடமும் கொடுக்கலாம். கதவுக்கு வெளியே சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி, சுண்ணக்கட்டியும் அங்கேயே வைக்க வேண்டும். தமிழ், மலையாளம் இரண்டிலும் எழுதத் தெரிந்த ஒருவரை அதற்கு இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் வந்துவிடுகிறது. ஆகையால் பள்ளி விடுமுறை விட்டிருக்கும் மே மாதத்துக்குள் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.